பெரும்பயன் உண்பவருக்கே!

நடுவர் ஐயா அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்பர்களே, கலிபோர்னியாவின் இந்த விரிகுடாப் பகுதியில் சான் ஹோசேயிலிருந்தும் ஃபிரீமாண்டிலிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு வந்து அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

"கொடிய நோயால் வாடுவோருக்குப் பதின்வயதுப் பிள்ளைகள் சத்துணவு சமைத்துத் தரும் தொண்டில் பெரிதும் பயன்பெறுவது சமைப்பவரா, உண்பவரா?" என்பது இன்றைய தலைப்பு. உண்பவரே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பேசி முடித்தபோது எழுந்த கைத்தட்டலைக் கேட்டேன். அதில் எனக்கு வியப்பில்லை. இந்த அரங்கில் பாதிப் பேர் பதின்வயதுப் பிள்ளைகளைப் பெற்றவர்கள். பிள்ளைகள் பொறுப்பு உணர்கிறார்கள், கைபேசியைக் கீழே வைக்கிறார்கள், கத்தி பிடிக்கக் கற்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால் பெற்ற மனம் குளிரத்தானே செய்யும்? ஆனால் அந்தப் பேச்சு முழுவதும் ஒருவர் வரவே இல்லை, நடுவர் அவர்களே. அவர் இந்த அரங்குக்கும் வரவில்லை. வரக்கூடிய உடம்பு அவருக்கு இல்லை. அவருடைய இடத்தில் நின்றுதான் நான் பேசுகிறேன்.

எதிரணியினர் எடுத்துக்காட்டிய அமைப்பையே நானும் எடுத்துக்கொள்கிறேன். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சொனோமா கவுண்டியில், ஆப்பிள் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற செபாஸ்டபோல் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 2007இல் கேத்ரின் கவுச் என்ற சமையற்கலைஞர் தொடங்கியது சீரீஸ் கம்யூனிட்டி ப்ராஜெக்ட். பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் வருகிறார்கள். அனுபவமுள்ள பெரியவர்கள் பக்கத்தில் நின்று வழிகாட்ட, காய் நறுக்குகிறார்கள், சூப் காய்ச்சுகிறார்கள், தானியம் வேகவைக்கிறார்கள். இயற்கை முறையில் விளைந்த காய்கறிகள்தாம். அவற்றில் ஒரு பகுதியைத் தங்கள் தோட்டத்தில் அவர்களே பயிரிடுகிறார்கள். சமைத்த உணவைத் தொண்டர்கள் புற்றுநோயாளிகளின் வீடுகளுக்கும் வேறு கடும் நோயில் இருப்பவர்களின் வீடுகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள்.

"இந்த அமைப்பு பிறந்ததே ஒரு சிறுமிக்காகத்தான்" என்றார் எதிரணித் தலைவர். உண்மைதான். தன் மகளுக்குச் சமையல் வேலையில் ஓர் இடம் கொடுக்க முடியுமா என்று கேத்ரின் கவுச்சைத் தோழி ஒருவர் கேட்டார். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. ஆனால் எதிரணித் தலைவர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன். அந்தச் சிறுமிக்குச் சமையல் சொல்லித் தருவது மட்டுமே நோக்கம் என்றால் என்ன செய்திருக்க வேண்டும்? இரண்டு பாத்திரம், ஓர் அடுப்பு, வாரம் ஒரு பாடம். சமைத்ததை ஆசிரியரும் மாணவியும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். அப்படி எத்தனையோ வகுப்புகள் இந்த நாட்டில் நடக்கின்றன. கேத்ரின் கவுச் அதைச் செய்யவில்லை. "நம் ஊரில் நோயால் முடங்கிக் கிடக்கும் குடும்பங்களுக்குச் சமைப்போம்" என்று திசையைத் திருப்பினார். தோழி கேட்டது மகளுக்காக. அவர் அமைத்துக்கொடுத்தது நோயுற்றவருக்காக. அந்தத் திருப்பம் இல்லாவிட்டால் சீரீஸ் என்ற பெயரை இன்று இந்த மேடையில் நாம் உச்சரித்துக்கொண்டிருக்க மாட்டோம்.

ஐயா, நான் உணவியல் நிபுணராக ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறேன். நோயாளியின் தட்டில் என்ன இருக்கிறது, அதில் எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு அப்படியே திரும்பி வந்தது என்று பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. நோயாளிக்கு உணவு என்ன செய்கிறது என்பதை எதிரணியினர் ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார்கள்: "சாப்பாடு எங்கிருந்தாலும் வாங்கிக்கொள்ளலாம்." அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

கீமோ சிகிச்சையில் இருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நாக்கில் எதை வைத்தாலும் செம்புக்காசைச் சப்பியதுபோல ஓர் உலோகச் சுவை. அதனால்தான் எவர்சில்வர் கரண்டியை விட்டுவிட்டு மரக்கரண்டியில் சாப்பிடச் சொல்கிறோம். வாயின் உட்புறம் புண்ணாகிவிடும். ஒரு துளி எலுமிச்சை பட்டால் உயிர் போகும். இவற்றுக்கெல்லாம் மேல் ஒன்று இருக்கிறது: வாசனை. நம் வீடுகளில் தாளிப்பின் மணம் வந்தால்தான் பசியே எடுக்கும். கடுகு வெடித்து, பெருங்காயம் பொரிந்து, கறிவேப்பிலை விழுந்தவுடன் கூடத்தில் இருப்பவர்கள் எழுந்து வருவார்கள். கீமோ எடுத்துக்கொண்டவருக்கு அதே மணம் குமட்டலைக் கொண்டுவருகிறது. தன் வீட்டு அடுப்படியின் வாசனையே அவருக்குப் பகையாகிவிடுகிறது. நான் பார்த்த ஓர் அம்மாள், மருமகள் வெங்காயம் வதக்கத் தொடங்கியதும் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாராம். அடுப்படிக் கதவைத் துணியால் அடைத்தும் பார்த்திருக்கிறார்கள். பயனில்லை.

அந்த வீட்டுக்கு வேறோர் இடத்தில் சமைத்த உணவு, ஆறி, மூடிய பாத்திரத்தில் வந்து சேர்கிறது என்று வையுங்கள். வதக்கும் வாசனை வீட்டுக்குள் நுழையவே இல்லை. சில்லென்றோ இளஞ்சூடாகவோ சாப்பிடலாம். ஆறிய உணவில் மணம் குறைவு என்பதால் தொண்டை அதை ஏற்றுக்கொள்கிறது. "சாப்பாடு எங்கிருந்தாலும் வாங்கிக்கொள்ளலாம்" என்றவர்களைக் கேட்கிறேன். இதை எந்த உணவகத்தில் வாங்குவீர்கள்? மென்மையாக, காரமில்லாமல், புளிப்பில்லாமல், ஆனால் புரதம் குறையாமல் சமைத்துத் தரும் கடை எது? ஆரோக்கியமாக இருப்பவனின் நாக்கை எண்ணித்தான் உணவகத்தில் உப்புப் போடுகிறார்கள்.

புரதம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உடம்பு சரியில்லை என்றவுடன் நாம் வைப்பது கஞ்சி. அன்போடு வைக்கிறோம், குறை சொல்லவில்லை. ஆனால் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்கும் மேல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை, நாள்தோறும் புரதம் வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 முதல் 90 கிராம். ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சியில் இரண்டு மூன்று கிராம் இருந்தாலே அதிகம். மூன்று வேளையும் கஞ்சி குடித்தவர் வயிறு நிறைந்து படுப்பார்; தசை கரைந்துகொண்டே இருக்கும். தசை கரைந்தால் அடுத்த சுற்று மருந்தை உடம்பு தாங்காது. மருத்துவர் அளவைக் குறைப்பார், அல்லது தள்ளிவைப்பார். நோய் காத்துக்கொண்டிருக்காது, ஐயா.

இதயம் பலவீனமானவருக்கு வேறு கணக்கு. சமையல் உப்பு ஒரு தேக்கரண்டியில் சுமார் 2,300 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. அவர்களில் பலருக்கு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறார்கள். ஒரு முழுத் தேக்கரண்டிகூட இல்லை! ஒரு துண்டு ஊறுகாய், இரண்டு அப்பளம், கடைச் சாம்பார் ஒரு கிண்ணம் சேர்ந்தால் கால் வீங்கும்; மூச்சு வாங்கும்; இரவில் அவசர சிகிச்சைப் பிரிவு. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கோ, நாம் நோயாளியைப் பார்க்கப் போகும்போது கையோடு எடுத்துப்போகும் இளநீரே ஆபத்து. அதில் நிறைந்திருக்கும் பொட்டாசியத்தை அந்தச் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. அளவு மீறினால் இதயத்துடிப்பே தடுமாறும். வாழைப்பழமும் அப்படித்தான். அன்பு மட்டும் போதாது, நடுவர் அவர்களே. யாருக்கு, என்ன நோய், எந்தக் கட்டம் என்று தெரிந்து சமைத்த உணவு வேண்டும். அது கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் இடையே இருக்கும் தூரம் சில வேளைகளில் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே இருக்கும் தூரம்.

இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. 2019இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழில் மாசசூசெட்ஸ் மாநில ஆய்வு ஒன்று வெளியானது. நோய்க்கேற்பச் சமைத்த உணவு வீடு தேடி வந்தவர்களையும், ஏறக்குறைய அதே நிலையில் இருந்தும் அது கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். உணவு பெற்றவர்கள் மருத்துவமனையில் சேர்வது 49 சதவீதம் குறைவாக இருந்தது. செவிலியர் பராமரிப்பு இல்லங்களில் சேர்வது 72 சதவீதம் குறைவு. மொத்த மருத்துவச் செலவு 16 சதவீதம் குறைவு. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்திய சோதனை அல்ல அது. பதிவேடுகளை வைத்துச் செய்த ஒப்பீடு. அது பிள்ளைகள் சமைத்த சமையலறையும் அல்ல. இரண்டையும் நானே சொல்லிவிடுகிறேன், பின்னால் எதிரணியினர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆய்வாளர்கள் எண்ணியது யாரை? உண்டவரை. சமைத்தவரை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் அந்த உணவு எதற்காகச் சமைக்கப்பட்டது என்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை.

நம் மாநில அரசுக்கும் இல்லை. 2018இல் கலிபோர்னியா 60 லட்சம் டாலர் ஒதுக்கி, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடி-காலில் இருக்கும் இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு இத்தகைய உணவை வீட்டுக்கே அனுப்பும் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அதை நிறைவேற்றிய அமைப்புகளில் சீரீஸும் ஒன்று. 2022 முதல், நோய்க்கேற்ற உணவை மெடி-கால் காப்பீட்டுத் திட்டங்களே வழங்கலாம் என்ற ஏற்பாடும் வந்துவிட்டது. அரசின் பணம் எந்தத் தலைப்பில் போகிறது? இளைஞர் முன்னேற்றத்திலா? இல்லை. மருத்துவத்தில். மாத்திரைக்குப் போகும் அதே கணக்கில் சூப்புக்கும் பணம் போகிறது.

எதிரணியில் பேசிய பதினொன்றாம் வகுப்பு மாணவிக்கு இப்போது வருகிறேன். மகளே, நீ பேசியது என் மனத்தைத் தொட்டது. "சேரும்போது எனக்கு வெங்காயம் உரிக்கத் தெரியாது, இன்று என் வீட்டில் வாரம் இரண்டு நாள் நான்தான் சமைக்கிறேன்" என்றாய். "முன்பு நோயாளி என்றால் பயம், இப்போது பயமில்லை" என்றாய். இதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. நீ கற்றது உண்மை. நீ வளர்ந்ததும் உண்மை. ஆனால் உன் பேச்சிலேயே நீ இன்னொன்றும் சொன்னாய். பள்ளியில் மனையியல் வகுப்பிலும் சமைத்தாயாம். அங்கே இவ்வளவு கவனமாகச் சமைத்ததில்லையாம். ஏன் அம்மா? கத்தி அதேதான். காய் அதேதான். வகுப்பில் உன் கேக் கருகினால் மதிப்பெண் குறையும். இங்கே நீ கையைச் சரியாகக் கழுவாமல் கீரையை அள்ளினால், வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போயிருக்கும் ஒருவர் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போவார். அதனால்தான் அங்கே தலைமுடிக்கு வலை, கைக்கு உறை. சுவை பார்த்த கரண்டி மறுபடி பாத்திரத்துக்குள் போகக் கூடாது. சூப்பை விரைவாகக் குளிரவைக்க வேண்டும். என்ன உணவு, என்ன பொருள், எந்தத் தேதி என்று ஒவ்வொரு மூடியிலும் எழுதி ஒட்ட வேண்டும். இந்தக் கட்டுப்பாடு எதுவும் உன்னை வளர்ப்பதற்காகப் போட்டது இல்லை. அவரைக் காப்பாற்றுவதற்காகப் போட்டது. நீ வளர்ந்தது அதன் விளைவு. அவரை அந்தச் சமையலறையிலிருந்து எடுத்துவிட்டால் உன் வளர்ச்சியும் அதோடு போய்விடும். உன்னை எடுத்துவிட்டாலும் அவருக்கு அந்த உணவு வேண்டும். அவருடைய பயன் தன் காலில் நிற்கிறது; உன்னுடையது அவரைச் சார்ந்து நிற்கிறது. இதில் எது பெரிது என்று நீயே சொல்.

கொடுப்பவரை முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். ஓர் இளைஞர் குழு தொண்டு செய்ய வந்தது. நல்ல பிள்ளைகள். வீட்டில் சுட்ட பிஸ்கட்டுகளை அழகான பெட்டிகளில் ரிப்பன் கட்டிக் கொண்டுவந்தார்கள். தலைமுடி முழுவதும் உதிர்ந்து, கட்டிலில் சாய்ந்திருந்த ஒரு பெண்ணின் கையில் பெட்டியைக் கொடுத்தார்கள். சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவரும் சிரித்தார், பாவம். நன்றி சொன்னார். அவர்கள் போன பிறகு நான் உள்ளே போனேன். பெட்டி திறக்கப்படாமல் மேசையில் இருந்தது. வாயெல்லாம் புண். ஐந்து நாட்களாக அவர் விழுங்கியது குளிர்ந்த தயிரும் மசித்த உருளைக்கிழங்கும்தான். மொறுமொறுவென்ற பிஸ்கட்டை அவர் எப்படித் தின்பார்? "உங்களால் என்ன சாப்பிட முடியும்?" என்று வந்தவர்களில் ஒருவர்கூட அவரைக் கேட்கவில்லை. பெட்டியை வீட்டுக்கு வரும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று என்னிடமே தந்துவிட்டார்.

அந்தப் பிள்ளைகள் அன்று பயனடைந்தார்களா? அடைந்தார்கள். தொண்டு மணிநேரம் கணக்கில் ஏறியது. கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி கூடியது. மனநிறைவோடு வீட்டுக்குப் போனார்கள். "சமைப்பவருக்கே பெரும்பயன்" என்ற எதிரணியின் அளவுகோலை வைத்தால் அந்த மாலைப்பொழுது பெரிய வெற்றி. என் அளவுகோலில் அது தோல்வி, ஐயா. பசித்தவர் பசியோடு இருந்தார்.

இங்கே கூடியிருக்கும் பெற்றோர்களிடம் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். நம் பிள்ளைகளின் தொண்டு மணிநேரத்தை நாம் எண்ணுகிறோம். விண்ணப்பத்தில் எது எடுபடும் என்று ஆராய்கிறோம். அதில் தவறில்லை, இந்த நாட்டின் கல்லூரிகள் அப்படிக் கேட்கின்றன. ஆனால் நோயாளி நம் பிள்ளைகளின் பாடப்புத்தகம் இல்லை. படித்து முடித்து, கற்றதை எழுதிவிட்டு மூடிவைக்க அவர் தாள் இல்லை. தன் வேதனையை மற்றவர் வளர்வதற்கான பயிற்சிக் களமாக்க அவர் யாருக்கும் ஒப்புதல் தரவில்லை. அவர் கேட்டது சாப்பாடு.

எதிரணித் தோழர் ஒருவர் கணக்குப் போட்டார். "நோயாளி சில மாதங்கள் சாப்பிடுகிறார். சிலர் பிழைப்பதும் இல்லை. சமைத்த பிள்ளைக்கோ முன்னால் அறுபது, எழுபது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. நீண்ட பயன் யாருக்கு?" என்றார். நடுவர் அவர்களே, இந்த வாதத்தை நான் கடுமையாக மறுக்கிறேன். எஞ்சியிருக்கும் ஆண்டுகளை வைத்து ஒருவர் பெறும் பயனை அளப்பதா? அப்படியென்றால் எண்பது வயதுத் தாய்க்கு ஊட்டும் சோற்றைவிட எட்டு வயதுப் பேரனுக்கு வாங்கித் தரும் மிட்டாய்க்கு மதிப்பு அதிகம் என்று ஆகிவிடும். இன்னும் ஆறு வாரமே இருக்கிறவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு வாய்க்குப் பிடித்து, வாந்தி வராமல் வயிற்றில் தங்கினால் அந்த நாளே அவருக்கு வேறு நாள். எழுந்து உட்காருவார். மகனோடு பேசுவார். அதைச் சில மாதக் கணக்கு என்று தள்ள என்னால் முடியாது.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் 1985இல் ரூத் பிரிங்கர் என்ற ஓய்வுபெற்ற பாட்டியார், எய்ட்ஸ் நோயுற்ற ஏழு பேருக்குத் தன் வீட்டு அடுப்பில் சமைக்கத் தொடங்கினார். அந்த ஆண்டுகளில் நோயாளியைத் தொடவே மக்கள் அஞ்சினார்கள். எழுந்து நின்று சமைக்க வலுவில்லாமல், ஊட்டம் குன்றியே பலர் மெலிந்துகொண்டிருந்தார்கள். அதைக் கண்டுதான் அவர் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினார். ப்ராஜெக்ட் ஓப்பன் ஹேண்ட் என்ற அமைப்பு அப்படி வளர்ந்தது. ஏழு பேரின் பசியில் தொடங்கியது அது. சமைப்பவருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. முதலில் பசித்தவர் இருக்கிறார். பிறகுதான் சமைப்பவர் வருகிறார். அவர் கிழவியா, பதினாறு வயதுப் பிள்ளையா என்பது அதற்கும் பிறகு.

வள்ளுவர் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளைச் சொல்கிறார்: "உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து." நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, பக்கத்திலிருந்து பணி செய்பவன். நம் பிள்ளைகளுக்கு இதில் இடம் உண்டு. உழைச்செல்வான் என்ற பெருமைக்குரிய இடம். ஆனால் வரிசையில் முதலில் நிற்பவன் உற்றவன். அந்த வரிசையை மாற்ற எதிரணியினருக்கு யார் உரிமை கொடுத்தது?

இதுவரை யாரும் பேசாத ஒருவரைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் வீடுகளில் யார் சமைக்கிறார்கள்? பெரும்பாலும் பெண்தான். அந்தப் பெண் நோயில் விழுந்தால் அவளுக்கு யார் சமைப்பது? இந்த நாட்டில் நம்மில் பலருக்கு அடுத்த தெருவில் அத்தை இல்லை, மாடியில் பெரியம்மா இல்லை. ஊரிலிருந்து அம்மா வருவார். விசாவில் ஆறு மாதம் தங்குவார். அறுவை, கீமோ, கதிர்வீச்சு என்று சிகிச்சை நீண்டுகொண்டே போகும். அம்மா திரும்பிப் போக வேண்டிய நாள் வந்துவிடும். அதன் பிறகு? கணவருக்கு வேலை, பிள்ளைக்குப் பள்ளி. மருந்து ஏற்றிக்கொண்டு வந்த மூன்றாம் நாள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிறாள். பிள்ளைக்குத் தோசை வார்க்கிறாள். தனக்கு? "எனக்கு எதுவும் பிடிக்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். உதவி கேட்க அவளுக்குக் கூச்சம். இருபது ஆண்டுகள் வந்தவருக்கெல்லாம் இலை போட்டவள் இப்போது அடுத்தவரிடம் ஒரு கிண்ணம் சாப்பாடு கேட்பதா என்ற கூச்சம்.

அந்த வீட்டு வாசலுக்கு வாரம் ஒரு பை வருகிறது. அவளுக்கு மட்டுமல்ல, சீரீஸ் போன்ற அமைப்புகள் வீட்டிலுள்ளவர்களையும் எண்ணித்தான் உணவு அனுப்புகின்றன. அவள் கேட்கவில்லை, கேட்க வேண்டிய நிலையும் வரவில்லை. அன்று மாலை அவள் அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. கணவர் அலுவலகத்திலிருந்து வந்து அவசர அவசரமாகப் பாத்திரம் உருட்ட வேண்டியதில்லை. அம்மாவைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடாமல் இருந்த பிள்ளை அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஒரு பை உணவில் மூன்று பேருக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. சமைத்த பிள்ளை பெற்ற பயனை எடுத்துச் சொல்ல இந்த மேடையில் மூன்று பேர் இருக்கிறார்கள். இந்த வீட்டுக்காக யார் பேசினார்கள்?

"பதின்வயதுப் பிள்ளை சமைத்தது என்று அறிந்தால் நோயாளிக்கு மகிழ்ச்சி, ஆகவே பிள்ளைதான் முக்கியம்" என்று எதிரணித் தலைவர் சொன்னார். முதல் பாதியை ஏற்கிறேன். ஊரில் யாரோ பதினாறு வயதுப் பிள்ளை, விளையாடப் போக வேண்டிய நேரத்தில் தனக்காகப் பூசணிக்காய் நறுக்கியிருக்கிறது என்று தெரியும்போது, நோய்ப்படுக்கையில் இருப்பவருக்கு ஊர் தன்னை மறக்கவில்லை என்ற எண்ணம் வரும். கடையில் வாங்கிய உணவு இதைத் தராது. இயந்திரம் கட்டிய பொட்டலமும் தராது. ஆனால் ஐயா, அந்த மகிழ்ச்சி யாருக்கு வந்தது? நோயாளிக்கு. பிள்ளைகள் சமைப்பதாலேயே உணவின் மதிப்பு கூடுகிறது என்றால், அந்தக் கூடுதல் மதிப்பும் போய்ச் சேருவது உண்பவரிடம்தான். எதிரணித் தலைவர் எங்கள் அணிக்கு வலுச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு என் நன்றி.

நிறைவாக, எனக்குப் பிறகு பேச வரும் எதிரணித் தோழரிடம் ஒரே ஒரு கேள்வி. ஒரு மாலை, அந்தச் சமையலறையில் பிள்ளைகள் பெரிய பாத்திரத்தில் பருப்பு சூப் செய்கிறார்கள். நன்றாக உழைக்கிறார்கள். ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள். அளவு பார்க்க, அடுப்பைக் கவனிக்க, பிழையை ஒப்புக்கொள்ளக் கற்றுக்கொள்கிறார்கள். கடைசியில் பார்த்தால் உப்பு இருமடங்கு விழுந்திருக்கிறது. பிள்ளைகள் பெற வேண்டிய பயன் அத்தனையும் பெற்றுவிட்டார்கள். ஒரு துளியும் குறையவில்லை. அந்தச் சூப் இதயநோயாளி ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டியது. அதை அனுப்புவீர்களா, கொட்டிவிட்டு மறுபடி அடுப்பைப் பற்ற வைப்பீர்களா? அனுப்புவேன் என்றால் இந்த அரங்கைப் பார்த்துச் சொல்லுங்கள். கொட்டுவேன் என்றால், யாருடைய பயனுக்காகக் கொட்டினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த விடையைக் கேட்ட பிறகு, நடுவர் அவர்களே, தாங்கள் தீர்ப்பை வழங்குங்கள்.

நன்றி, வணக்கம்.